தொட்டிகள் இல்லாத ஊர்

ஜூன் 8, ஞாயிறு

அன்புள்ள உனக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால் உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது, இனி எழுதித்தான் பேச வேண்டும் என்று கிளம்பும்போது சட்டம் போட்டுவிட்டுப் போனாய். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. தப்பிருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்பு.

நீ மாற்றலாகிப் போய் இருபது நாள் ஆகிறது. இந்த இருபது நாளில் நான் தொலைந்த கதையை எல்லாம் எழுதினால் தபால்காரரால் தூக்க முடியாது. ஒன்பது வருஷமாக என் வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து, இடது தோளில் தட்டினால் இடப்பக்கம், வலது தோளில் தட்டினால் வலப்பக்கம், இரண்டிலும் தட்டினால் நிறுத்து என்று ஓட்டப் பழக்கிவிட்டாய். வேலை நாட்களில், அன்றைக்கு நான் போகவேண்டிய வீடுகளின் பட்டியலைப் பார்த்து, எங்கே திரும்ப வேண்டும் என்று காலையிலேயே சீட்டு எழுதிக் கொடுப்பாய். இப்போது சீட்டும் இல்லை, தட்டும் கையும் இல்லை. போன திங்கட்கிழமை என் பையின் வார் இடது தோளில் நழுவியது. யோசிக்காமல் இடப்பக்கம் திரும்பிவிட்டேன். திரும்பிப் பாதி தூரம் போன பிறகுதான் அது நீ இல்லை என்று உறைத்தது.

போனில் வழி சொல்லும் பெண்ணை நம்பலாம் என்றால் அவள் "வடமேற்கு நோக்கிச் செல்லவும்" என்கிறாள். வடமேற்கு எது என்று தெரிந்திருந்தால் நான் ஏன் அவளிடம் போகிறேன்? நானாகவும் அடையாளம் வைத்துப் பார்த்தேன். வெள்ளைக் கார் நிற்கிற முனையில் வலது, நாய் படுத்திருக்கும் வாசலுக்கு அடுத்த சந்து. மறுநாள் கார் போய்விட்டது. நாயும் எதிர்ப்பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது.

மேனேஜர் கூப்பிட்டுப் பேசினார். "சார், ஒரு நாளைக்குப் பத்து ஃபில்டர் சர்வீஸ். நீங்க நாலு வீடு போறீங்க. மீதி ஆறு வீட்டுல தண்ணி குடிக்காமலா இருப்பாங்க?" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

உன் அப்பாவின் நாற்காலி இன்னும் ஜன்னல் பக்கத்திலேயே கிடக்கிறது. அதை எங்கே போடுவது என்று எழுது. ஆறு மாதம் முடியும்போது, அங்கேயே நிரந்தரமாக இருக்கச் சம்மதமா என்று ஒரு படிவம் கொடுப்பார்கள் என்றாயே, அதில் இல்லை என்றுதானே எழுதப் போகிறாய்? சும்மா கேட்டேன்.

உன்
ஃபில்டர் மெக்கானிக்


ஜூன் 17

திக்விஜயர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்துப்பிழை ஏழு. திருத்தி அனுப்பினால் அதையும் வழியில் தொலைத்துவிடுவீர்கள் என்பதால் என்னிடமே வைத்துக்கொண்டேன்.

இங்கே அலுவலகம் என்பது பம்ப் அறைக்குப் பின்னால் ஒரே ஓர் அறை. மேஜையின் ஒரு கால் குட்டை. நானும் ஓவர்சியரும் மட்டும்தான். இந்த ஊரில் குடிநீர்க் குழாய் எங்கெங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. ஐம்பது வருஷமாக ஆளுக்கொரு பக்கம் பள்ளம் தோண்டிப் புதைத்திருக்கிறார்கள், ஒருவரும் வரைந்து வைக்கவில்லை. கம்பியால் தட்டிப் பார்த்துத் தட்டிப் பார்த்து நான் வரைந்துகொண்டிருக்கிறேன்.

வெள்ளைக் காரையும் நாயையும் நம்பி ஊர் சுற்றுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். நகராததைப் பாருங்கள். நம் ஊரில் ஐந்து மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொரு தெருவையும் குழாயோடு சேர்த்து வரைந்தவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். நீலப் பட்டை அடித்தது நம் வீட்டுப் பக்கம். சதுரமானது கடைவீதி. குடை மாதிரி விரிந்தது பேருந்து நிலையம். இரட்டைத் தொட்டி ஊரின் மறுகோடி. ஏணி உடைந்தது ஆஸ்பத்திரிச் சாலை. எங்கே நின்றாலும் தலையைத் தூக்கினால் குறைந்தது இரண்டு தொட்டி தெரியும். தொட்டிகளை மேட்டில்தான் கட்டுவார்கள். உங்கள் வண்டி திணறினால் தொட்டியை நோக்கிப் போகிறீர்கள். தானாக உருண்டால் விலகிப் போகிறீர்கள். இன்னொன்று, எந்தத் திருப்பத்தில் திரும்பினாலும் வண்டியை நிறுத்தி ஒரு தடவை பின்னால் பாருங்கள். திரும்பி வரும்போது கண்ணில் படப்போவது அந்தப் பக்கம்தான்.

படிவம் நவம்பர் பதினைந்துக்குள் கொடுக்க வேண்டும். அதைப் பற்றி இப்போது பேச்சு வேண்டாம். அதற்கு முன்னால் நீங்கள் எனக்கு எழுத வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. என்ன என்று உங்களுக்கே தெரியும்.

நாற்காலி அங்கேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
குழாய்ப் படக்காரி


ஜூலை 6

அன்புள்ள படக்காரிக்கு,

தொட்டி பலித்துவிட்டது! இந்தப் பத்து நாளாக அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது, ஆனால் தொலைவது பாதியாகக் குறைந்துவிட்டது. வியாழக்கிழமை இரட்டைத் தொட்டிப் பக்கம் ஏழு வீடு முடித்தேன். ஏழாவது வீட்டு ரிட்டயர்ட் டீச்சரம்மா கதவைத் திறந்ததும் கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொரு மணின்னு சொன்னீங்க, பதினொன்றரைக்கு வந்துட்டீங்க. போன தடவை மறுநாள்ல வந்தீங்க!" என்று அதிசயப்பட்டு, உட்காரச் சொல்லி டீ கொடுத்தார்.

திருப்பத்தில் நின்று பின்னால் பார்க்கிறேன். முதலில் வெட்கமாக இருந்தது, யாரோ துரத்தி வருகிறார்கள் என்று மற்றவர்கள் நினைப்பார்களே என்று. நீ சொன்னது சரி. போகும்போது ஒரு தெரு, வரும்போது அது வேறு தெரு. நாற்பது வயது வரை இது தெரியாமல் இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் தடுமாறியிருக்கிறேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தியதும் இன்னும் ஒரு நொடி சாய்க்காமல் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், நீ இறங்குவதற்காக. பக்கத்து வீட்டம்மா பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஏதோ எழுத வேண்டும் என்றாயே, எதைச் சொல்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை. அந்தப் பஞ்சர் விஷயமா? அதைத்தான் அன்றைக்கே சொல்லிவிட்டேனே.

உன்
திக்விஜயர்


ஜூலை 14

உங்களுக்கு,

மறந்துபோன மாதிரி நடிக்கிறீர்கள். அதனால் நானே எழுதுகிறேன்.

பிப்ரவரி பதினெட்டு. அப்பாவை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு ஓடிய அவசரத்தில் அவருடைய காது மெஷின் வீட்டு மேஜையிலேயே தங்கிவிட்டது. அது இல்லாவிட்டால் அவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பேச வேண்டியதைப் பேசிடுங்கம்மா" என்றார். வேலையில் இருந்த உங்களுக்குப் போன் செய்தேன். வீட்டுக்குப் போய் மெஷினை எடுத்துக்கொண்டீர்கள். மூன்று மணிக்குக் கிளம்பிவிட்டதாகச் சொன்னீர்கள்.

மூன்றரைக்கு மறுபடி கூப்பிட்டு எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "வந்துட்டேம்மா, கேட்டுக்கிட்ட வண்டியை நிறுத்தறேன், ரெண்டே நிமிஷம்" என்றீர்கள். நான் அப்பாவிடம் இரண்டு விரலைக் காட்டினேன். அவருக்குப் புரிந்தது. முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு உங்கள் போன் கிடைக்கவில்லை. அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விரலைக் காட்டிக்கொண்டே இருந்தேன். நாலு மணிக்குப் போய்விட்டார். நான் பேச நினைத்தது ஒன்றுகூட அவர் காதில் விழவில்லை.

நாலரைக்கு மேல் வந்து நின்று பஞ்சர் என்றீர்கள். எங்கே ஒட்டினீர்கள் என்று கேட்டதற்கு, முனைக் கடையில் என்றீர்கள். அந்த ஆஸ்பத்திரிச் சாலை முழுக்க நான் அளந்து வரைந்தது. அங்கே எந்த முனையிலும் பஞ்சர் கடை கிடையாது.

வழி தவறுவது உங்கள் பிறவிக் குணம். அதற்காக நான் கோபித்துக்கொள்வேனா? உங்கள் பொய்யை என் கையாலேயே அப்பாவிடம் சொல்லவைத்தீர்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. மாற்றல் உத்தரவு வந்தபோது, மறுக்க வழி இருந்தும் வாங்கிக்கொண்டு வந்தது அதனால்தான்.

இதற்குப் பதில் இல்லாமல் தொட்டிக் கதை எழுதுவதாக இருந்தால் எழுத வேண்டாம்.


ஆகஸ்ட் 24

உனக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. பூசி மெழுகாமல் எழுதுகிறேன்.

நீ போன் செய்தபோது நான் ஒரு கேட்டுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அது ஏதோ ஒரு கல்லூரியின் கேட். ஆஸ்பத்திரி இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் எப்படியாவது கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன். என் ஆயுசு முழுக்க நான் நினைத்தது இதுதான், இன்னும் ஒரு திருப்பம் திரும்பினால் வந்துவிடும் என்று. பிறகு போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அது மட்டும் நிஜம்.

கொஞ்ச தூரத்தில் ஒரு பஸ் நிறுத்தம். பத்துப் பேர் நின்றிருந்தார்கள். வண்டியை நிறுத்தினேன். ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பத்துக் கைகளும் வழி காட்டியிருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? கீழே குனிந்து டயரை அமுக்கிப் பார்த்தேன். தொலைந்துபோய் நிற்கிறவன் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று. ஒருவர், "என்ன சார், பஞ்சரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தப் பொய் அங்கே பிறந்தது. உன்னிடம் வந்தபோது அது தயாராக வாயில் இருந்தது.

சின்ன வயதில் கடைக்கு அனுப்பினால் நான் வேறு தெருவில் அழுதுகொண்டு நிற்பேன். அண்ணன்மார்கள் தேடி வந்து கூட்டிப்போய், வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார்கள். அதிலிருந்து யாரிடமும் வழி கேட்டதில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. மாமா சாகக் கிடக்கும்போதும் எனக்கு என் மானம்தான் பெரிதாக இருந்தது என்பதைச் சொல்கிறேன்.

மெஷின் என் சட்டைப் பையில் இருந்தது. போகிற வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவர் எனக்கும் அப்பாதான். ஆறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம், ஒரு நாள்கூட நான் தொலைந்துபோவதைச் சொல்லிச் சிரித்ததில்லை அவர்.

இப்போது வழி கேட்கிறேன். முதல் நாள் தெருவில் போன ஒரு பெண்ணிடம் முணுமுணுத்தேன், அவள் நான் ஏதோ உதவி கேட்டு வந்தவன் என்று நினைத்துப் பையைத் திறந்தாள். பரவாயில்லை என்று மறுபடி கேட்டேன். சொன்னாள். அவ்வளவுதான், ஒன்றும் ஆகவில்லை.

நான்


செப்டம்பர் 9

உங்களுக்கு,

கடிதத்தை அலுவலகத்தில் பிரித்திருக்கக் கூடாது. ஓவர்சியர், "என்னம்மா, வீட்டுல எல்லாரும் சௌக்கியம்தானே?" என்று எழுந்தே வந்துவிட்டார். கண்ணில் தூசி என்றேன். பார்த்தீர்களா, எனக்கும் பொய் எவ்வளவு சீக்கிரம் வருகிறது.

நானும் ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒன்பது வருஷத்தில் ஒரு நாளாவது, இது எந்தத் தெரு, சொல்லுங்கள் என்று உங்களைக் கேட்டேனா? நீங்கள் கண்ணைத் தூக்கிப் பார்க்கும் முன்பே தட்டிவிடுவேன். என் வீட்டுக்காரருக்கு நான் இல்லாவிட்டால் தெருமுனை தாண்டத் தெரியாது என்று அலுவலகத்தில் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். உங்கள் அண்ணன்மார்கள் சத்தமாகச் சிரித்தார்கள், நான் சத்தமில்லாமல் சிரித்தேன். தொட்டி விஷயத்தை அன்றே சொல்லித்தர எனக்கு அரை மணி நேரம் போதுமாக இருந்திருக்கும். சொல்லித்தர மனசு வரவில்லை.

இங்கே சாயங்காலம் நடந்து வீட்டுக்குப் போகிறேன். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உங்கள் முதுகு வாசனை, வியர்வையும் அந்த ரப்பர் குழாய் நாற்றமும், அது இல்லாமல் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

மன்னித்துவிட்டாயா என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியவில்லை.

இனிமேல் சாயங்காலம் உட்கார்ந்து, அன்றைக்குப் போன வழியை எதையும் பார்க்காமல் வரையுங்கள். கோணலாக இருந்தால் இருக்கட்டும். எந்த இடத்தில் பென்சில் நிற்கிறதோ அந்த இடத்துக்கு மறுநாள் போய்ப் பாருங்கள்.

குழாய்ப் படக்காரி


அக்டோபர் 26

அன்புள்ள படக்காரிக்கு,

பத்து வீடு, சில நாள் பதினொன்று. உன் பென்சில் வேலைதான் காரணம். முதல் வாரம் வரைந்த படத்தில் கடைவீதி நம் வீட்டுச் சமையலறைக்குள் வந்து முடிந்தது. இப்போது நான் வரைந்த ஊர்ப் படத்தை மேனேஜர் கேட்டு வாங்கிச் சுவரில் ஒட்டிவிட்டார். நேற்று ஒரு லாரிக்காரர் வண்டியை நிறுத்தி என்னிடம், என்னிடம், வழி கேட்டார். சொல்லிவிட்டு அவர் சரியாகத் திரும்புகிறாரா என்று முனை வரை பின்னாலேயே போனேன்.

இதை உன்னிடம் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். பிறகு, அப்படி யோசிக்கிற ஆளாகத்தானே இருந்தேன் என்று எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நம் வீட்டு வாசலில் வண்டியை எடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏணி உடைந்த தொட்டியைப் பார்த்துக்கொண்டு, யாரையும் கேட்காமல், வேகமும் போகாமல் போனேன். ஒரு சிக்னலில் நிற்கவேண்டி வந்தது. பதினொரு நிமிடம் ஆயிற்று.

மூன்றேகாலுக்குள் நான் மாடியில் மாமா பக்கத்தில் இருந்திருக்கலாம். உனக்கு முக்கால் மணி நேரம் கிடைத்திருக்கும். வழி தெரியாதவரை, ஏதோ பெரிய தூரம், என்ன செய்திருந்தாலும் முடிந்திருக்காது என்று உள்ளுக்குள் ஒரு ஆறுதல் இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது.

வண்டி நிறுத்துகிற இடத்தில் டோக்கன் கொடுப்பவர், "யாரைப் பார்க்கணும் சார்?" என்று கேட்டார். யாரையும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. வரச் சொன்னால் வருகிறேன். வேண்டாம் என்றால் இங்கேயே இருக்கிறேன். படிவத்தில் உனக்கு எது சரியோ அதை எழுது.

உன்
மெக்கானிக்


நவம்பர் 12

அன்புள்ளவருக்கு,

பதினொன்று என்று எனக்குத் தெரியும். அந்தச் சாலைக் குழாயின் நீளம் என் கைக்கு மனப்பாடம். அன்றைக்கு அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே கணக்குப் போட்டேன், பிறகு தினமும் போட்டேன். நீங்கள் இருபத்தைந்து என்று எழுதியிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டேன். பேசாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்து, ஒரே வீட்டில் உங்களோடு அந்நியர் போல இருந்திருப்பேன்.

இன்று காலை படிவத்தைக் கொடுத்தேன். இங்கேயே இருக்கச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உடனே மடித்துவைத்துவிடாமல் மீதியையும் படியுங்கள். இது கோபத்தில் செய்தது இல்லை. அந்த வீட்டுக்கு என்னால் திரும்பி வர முடியாது. அந்த மேஜையைத் துடைத்துக்கொண்டு, அந்த ஆஸ்பத்திரியைத் தாண்டி தினம் வேலைக்குப் போக என்னால் ஆகாது. இங்கே என் படம் பாதிதான் முடிந்திருக்கிறது. போன வாரம் ஒரு தெருவில் இரண்டு வருஷமாகத் தண்ணீர் வராததற்குக் காரணம் கண்டுபிடித்தேன். குழாயைத் திறந்துவிட்டதும் ஒரு பெண் குடத்தைப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது.

அந்த வீடுதான் வேண்டாம். நீங்கள் எனக்கு வேண்டும். நீங்கள் இங்கே வருவீர்களா?

யோசித்துப் பதில் எழுதுங்கள். உங்கள் கம்பெனிக்கு இங்கே கிளை இல்லை. இந்த ஊர் தட்டையான ஊர், மேடு கிடையாது, ஒரு தொட்டியும் கிடையாது, பம்ப் போட்டு நேராகக் குழாயில் விடுகிறார்கள். தெருக்கள் எல்லாம் ஒரே மாதிரி, நானே இரண்டு மாதம் தடுமாறினேன். அங்கே இவ்வளவு பாடுபட்டுக் கற்றது எதுவும் இங்கே உதவாது. இதைக் கேட்பது அநியாயம் என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

உங்கள்
படக்காரி


நவம்பர் 23

அன்புள்ள என் படக்காரிக்கு,

வேலையை விட்டுவிட்டேன். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இப்பத்தான் சார் ஊரே உங்க கைக்குள்ள வந்துது, இப்பப் போறேங்கறீங்களே!" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. சாயங்காலம் வெயில் சாய்கிற நேரத்தில் எந்தத் தெரு வழியாகப் போனாலும் வீடு வந்து சேர்ந்துவிடும் என்று தெரிந்து வண்டி ஓட்டுவது என்ன சுகம் தெரியுமா? ஒரு மாதம்தான் கிடைத்தது. போதும்.

படத்தைச் சுவரிலேயே விட்டுவிட்டேன். எனக்குப் பதிலாக வருகிறவருக்கு ஆகும். ஊர் மாறினாலும் தண்ணீர் குடிக்கிற பழக்கம் மாறாது, அங்கேயும் யார் வீட்டிலாவது ஃபில்டர் அடைத்துக்கொள்ளாமலா போகும்?

டிசம்பர் மூன்றாம் தேதி வருகிறேன். பஸ் காலை பத்து மணிக்கு அங்கே வந்து சேரும் என்கிறார்கள். நீ பஸ் நிலையத்துக்கு வர வேண்டாம், லீவும் போடாதே. முகவரி என்னிடம் இருக்கிறது. அங்கிருந்து உன் வீடு அரை மணி நேரம் இருக்கலாம். எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியவில்லை. ஒவ்வொரு முனையிலும் நின்று கேட்டுக் கேட்டுத்தான் வருவேன்.

மதியச் சாப்பாட்டுக்கு எனக்காகக் காத்திருக்காதே, சாப்பிட்டுவிடு. இருட்டுவதற்குள் வந்துவிடுவேன்.

உன்
நான்